காக்கிக் கோட்டின் உள்பை

போன சனிக்கிழமை குமணன்சாவடியில், காதர் பாயின் தையல் கடையில் ஒரு மகா யுத்தம். நானும் ரைஸ்மில் வரதனும்தான் இரு தரப்பு!

"நம்மள ஒரு வார்த்த கேக்காமலே வெள்ளக்காரன் யுத்தத்துல இழுத்து விட்டானே, அது நாயமா?" - இது நான்.

"இழுக்காங்காட்டி? ஜப்பான்காரன் உன் ஊட்லயே குந்திகினு சோறு கேட்டிருப்பான்!" - இது வரதன்.

உலகத்துக்கு யுத்தம் போன வருஷமே முடிந்துவிட்டது. எங்களுக்குத்தான்...

அப்போது முனுசாமி வந்தான். பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவன். கையில் பழைய காக்கிக் கோட்டு. அதை வெட்டிப் பிள்ளைக்கு நிஜார் தைக்க வேண்டுமாம்.

வரதன் விடுவானா? "நீயே சொல்லு மாமே. நாம போனது ரைட்டா, தப்பா?"

முனுசாமி காதில் விழாதவன்போல் கோட்டை மேஜைமேல் விரித்தான். திரும்பி வந்த எட்டு மாதமாக அவன் இப்படித்தான். பஸ் கம்பெனியில் டிரைவர் வேலை காத்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்கிறான். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி வேண்டாத தெய்வமில்லை.

பாய்க்கு ஒரு வழக்கம். பழைய துணியில் கத்தரி வைக்குமுன், கொண்டுவந்தவரே பைகளைக் காலி செய்ய வேண்டும். அவர் தொடமாட்டார்.

முனுசாமி உள்பையிலிருந்து எடுத்தது ஒரு மரச் சீப்பு.

"வெச்சிக்கோ நைனா."

"என்து இல்ல பாய்... தங்கராசுது. லாரில பக்கத்துல குந்திகினு வருவான்."

பாய் கத்தரியைக் கீழே வைத்தார். "ஆளு எப்டி இருப்பான்?"

அவ்வளவுதான் கேட்டார்! மலைரோடு, மழை, கவிழ்ந்த லாரி, அடியில் தங்கராசு... எல்லாம் வந்தது. "நான்தானே பாய் ஓட்டிகினு இருந்தேன்!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

விதி என்று பாய் சொல்லவில்லை. உன் மேல் தப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. "அப்பால?" என்றார். கொஞ்சம் பொறுத்து, மறுபடி "அப்பால?"

ஞாயிற்றுக்கிழமையும் அவனாகவே வந்து உட்கார்ந்து பேசினானாம்.

எட்டு மாதமாக நாங்கள் அவனிடம் என்ன கேட்டோம்? பர்மா எப்படி, ஜப்பான்காரன் எப்படி... புத்தி சொல்லவோ ஊரே வரிசையில் நின்றது. மேல்நாட்டில் இப்படிக் காது கொடுப்பதற்கென்றே டாக்டர்கள் உண்டாம். எங்களுக்கு ஒரு டெய்லர்!

திங்கட்கிழமை காலை நானும் வரதனும் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் சீட்டில் முனுசாமி! ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். வண்டி ஊர்ந்தது.

"இன்னா மாமே, மாட்டுவண்டி முந்திகினு போவுது!" என்றான் வரதன்.

"மெட்ராஸ் போய்ச் சேரணுமா, வாணாமா? கம்முனு குந்துடா!"

திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு நிம்மதியாக வரதன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.