கத்தாத நாரைக்கு நான் ஒட்டிய குரல்

கட்டுக்கரைக் குளத்துப் பறவைகளைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். படம் பிடித்த நான்கு நாளும் எனக்கு வழிகாட்டியவர் குளத்தடியில் வயல் செய்கிற ஓர் அண்ணை. எந்தப் பறவை எப்போது எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. சங்குவளை நாரைகளைக் காட்டியபோதே சொல்லியிருந்தார்: "வளந்த நாரை கத்தாது தம்பி. சொண்டைத்தான் தட்டும். வடிவாக் கேளுங்கோ."

எங்கே கேட்டது! ஒலிவாங்கி முழுக்கக் காற்று. வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால், நாரைகள் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிச் சும்மா நின்றன. எனக்கு எரிச்சல் வந்தது. இணையத்தில் ஏதோ ஒரு நாட்டுக் கொக்கு கணீரென்று கத்துகிற ஒலி கிடைத்தது, எடுத்து ஒட்டிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற திமிர்தான், வேறென்ன?

படத்தை அண்ணையின் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் போடச் சொல்லிக் கேட்டார்கள். பறவை பார்க்க வருகிற வெளிநாட்டாருக்கு வழிகாட்டியாக அவரை எடுக்கலாமா என்று பார்க்க, சுற்றுலாக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார். அண்ணை மினுக்கிய சேட்டுடன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

திரையில் நாரை சொண்டைத் திறக்காமலே கத்தியது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"எங்கடை நாரை எப்பயடா கத்தப் பழகினது?"

"அண்ணைதான் படிப்பிச்சிருப்பார்!"

கடைசியில் 'பறவைத் தகவல்' என்று அவருடைய பெயர் வந்தபோது விசிலே அடித்தார்கள். அதிகாரி அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்தானே இதுக்குத் தகவல் குடுத்தது?"

அண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். நான் குனிந்து வயரைச் சுருட்டினேன்.

"ஓம் ஐயா. எனக்குத்தான் பிழைச்சுப் போச்சு."

வெட்கங்கெட்டவன், அப்போதும் நான் வயரைத்தான் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் அண்ணையைப் பிடித்து, "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் படம் எடுத்துத்தானே சீவிக்க வேணும் தம்பி. எனக்கு வயல் கிடக்கு."

அவருடைய மனைவி என் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் ஏறினார். அதிகாரியின் ஜீப் இன்னும் கேற்றடியில்தான் நின்றது. பத்து எட்டு வைத்திருந்தால் போதும். நான் வைக்கவில்லை.