டாக்டர் ஓட்டி அறுத்த செயின்

நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வண்டியின் விலாவில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் டாக்டர். அந்தப் பக்கம் மில்லின் பட்டை வாள் மரத்தை அறுத்துக் கத்துகிறது, இந்தப் பக்கம் லாரிக்காரன் ஹாரனில் படுத்துக் கிடக்கிறான். ஒன்றும் அவர் காதில் ஏறாது. வண்டி ஓடிக்கொண்டிருந்தாலாவது இந்தக் கோலத்தை மன்னிக்கலாம். அணைத்து அரை நாள் ஆன வண்டியிலும் இப்படித்தான் காது வைப்பார். வைத்துவிட்டு, "உள்ள என்னமோ முனகுது" என்பார். முனகுவது அவர் வயிறு. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்.

டாக்டர் என்பது மர மில் ஆட்கள் கிண்டலுக்கு வைத்த பேர். அந்த மனிதர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் நோயாளி ஒரே ஒரு ஆள். கழுத்தே இல்லாத, குட்டையான, பழைய ஸ்கிட் லோடர். மரப்பட்டையையும் தூளையும் முன்னால் இருக்கும் இரும்பு வாளியில் வாரி லாரியில் கொட்டுவது அதன் வேலை. அதற்கு ஸ்டீயரிங் கிடையாது, பக்கத்துக்கு ஒரு லீவர்தான். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு ஜோடி, வலப்பக்கம் இரண்டும் ஒரு ஜோடி. ஜோடிக்கு நடுவே ஒரு மோட்டார் இருந்து, முன்னுக்கு ஒரு செயினும் பின்னுக்கு ஒரு செயினும் போட்டு, இரண்டையும் ஒரே சுற்றாகச் சுற்றும். ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் வண்டி வழுக்கித் திரும்பும். இவ்வளவுதான் விஷயம். டாக்டர் சொல்லக் கேட்டால் இதே விஷயம் ஒரு மத்தியானத்தை முழுங்கிவிடும்.

வண்டி அவருடையது. ஓட்டுவது அவர் மனைவி. மில்லில் எல்லோருக்கும் அவள் அக்கா. டாக்டர் ஒருமுறை இடுப்புப் பிடித்துப் படுத்தபோது, வேலை நின்றுவிடக் கூடாதே என்று ஏறி உட்கார்ந்தவள், அப்புறம் இறங்கவில்லை. அவளை இறக்க மில் மேனேஜரும் விடவில்லை. டாக்டர் ஓட்டிய காலத்தில் வாள் கொட்டகையின் முன் தூணுக்கு வாங்காத அடி இல்லை. சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி இன்றைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா வந்த பிறகு அதன் மேல் ஒரு புதுக் கீறல்கூட விழவில்லை. இதை யாராவது எடுத்துச் சொன்னால், "தூண் இப்ப உஷாராயிடுச்சு" என்பார் டாக்டர்.

மில் முற்றத்துக்கு சிமெண்ட் தளம் போட்டதிலிருந்து வண்டிக்கு வியாதி. இடப்பக்கத்து முன் செயின் படீரென்று அறுந்தது. டாக்டர் புதுச் செயின் மாட்டி, கையைத் துடைத்து, "இனி இது உன் பேரன் காலத்துலதான் அறும்" என்று அறிவித்தார். பேரன் அந்த வாரமே பிறந்துவிட்டான் போலிருக்கிறது. அடுத்து பல்சக்கரத்தை மாற்றினார். அறுந்தது. அச்சு பேரிங்கை மாற்றினார். அறுந்தது. செயின் பெட்டி எண்ணெயை வடித்து முகர்ந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், "கசக்குது, அதான்" என்று அதையும் மாற்றினார். நல்ல எண்ணெய் இனிக்குமா என்று கேட்க மில்லில் ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. செயினை இன்னும் இறுக்கிக் கட்டினார். இன்னும் சீக்கிரமாக அறுந்தது.

மாற்றுவதற்கு வண்டியில் வேறொன்றும் மிச்சமில்லாதபோது அவர் பார்வை சீட்டில் இருந்தவள் மேல் போய் நின்றது.

"உன் கை கனம்டி. லீவரை இழுன்னா கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி இழுக்குற."

"ரெண்டு லீவரையும் நான்தானே இழுக்குறேன்? வலது பக்கம் ஏன் அறுந்து போகல?"

"சில பேருக்கு இடது கை மட்டும் கனமா இருக்கும்."

"அப்படியா? அந்தக் கையால உங்களுக்கு ஒண்ணு போட்டுப் பாக்கவா?"

லாரிக்காரன் சிரித்துவிட்டான். அங்கேதான் காரியம் கெட்டது. நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், அங்கேயே நின்று போனை எடுத்துத் தன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டார். சொந்தத்தில் அவனுக்குப் பேர் ராக்கெட். டிராக்டரைக் குட்டையில் இறக்கிவிட்டு, குட்டை குறுக்கே வந்துவிட்டது என்று சொன்னவன். "திங்கக்கிழமையிலருந்து நீதான்டா வண்டியில" என்றார் டாக்டர். அக்கா பக்கம் திரும்பி, "நீ வீட்டைப் பாரு" என்றார்.

"வீட்டைப் பாக்க என்ன இருக்கு? அது எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள் அக்கா. குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

அன்று மரப்பட்டை கூட்டும் பெண்ணிடம் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த வண்டிக் கூண்டுக்குள்ள உக்காந்துட்டா, சட்டை எங்க, சாவி எங்க, டீ எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. சத்தத்துல கேட்டாலும் எனக்குக் கேக்காது. நாள் பூரா ரெண்டு கையும் எனக்கே எனக்கு. அதையும் பிடுங்குறாரு."

ராக்கெட் வருவதற்குள் தன் கட்சியை நிரூபித்துவிட வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, மில்லில் வாள் ஓடாத நாள். புதுச் செயினை மாட்டிவிட்டு, "கை எப்படி இருக்கணும்னு நின்னு பாரு" என்று அக்காவை ஓரமாக நிறுத்தினார். அக்காவின் காலுக்காக முன் முனையிலிருந்து ஒரே ஒரு பல் விட்டு மாட்டியிருந்த சீட்டைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளினார். கூண்டுக்குள் உட்கார்ந்து, பூப் பறிப்பதுபோல் இரண்டு விரலால் லீவரைத் தொட்டார். வண்டி நகர்ந்தது. தூணைவிட்டு இரண்டு ஆள் தூரம் தள்ளியே போனார். எறும்பு முந்திக்கொண்டு போகிற வேகத்தில், கல் முள் இல்லாத சிமெண்ட் தளத்தில், நேர்கோட்டில், காலி வாளியோடு போய்க்கொண்டிருந்தார்.

படீர்.

 அக்கா பக்கத்தில் கிடந்த பலகையில் போய் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் டாக்டருக்குப் பதில் சொல்லி ஒப்பேற்றியிருக்க முடியும். 

"செயின் போலி" என்றார், தானாகவே.

"ம்."

இன்னொரு செயினை மாட்டினார். இம்முறை இரண்டே ரவுண்டு ஓட்டிவிட்டு, அறுவதற்குள் நிறுத்தி, இறுக்கம் பார்க்க ஜாக்கி போட்டு இடப்பக்கத்தைத் தூக்கினார். முன் சக்கரம் தரையை விட்டதும், தொடாமலே, துள்ளிக்கொண்டு ஒரு சாண் முன்னால் சுற்றி நின்றது. டாக்டர் பின்னால் சாய்ந்து, போட்டிருந்த ஸ்பேனர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இதுவரை செயின் அறுந்த பிறகுதான் ஜாக்கி போட்டு வந்தார். அறுந்த பிறகு சக்கரம் எங்கே துள்ளும்?

"ஏங்க, அது ஏன் தானா சுத்துச்சு?"

"ரத்த ஓட்டம்."

"பின் சக்கரத்துக்கு ஓட்டம் இல்லையா?"

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அக்கா எழுந்துபோய், பலகை கட்டும் சணல் கயிறை எடுத்து வந்து முன் டயரைச் சுற்றிப் பிடித்தாள். சுற்று முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அதையே பின் டயரில் சுற்றினாள். முடிச்சுக்குள்ளேயே கயிறு நாலு விரல் மிஞ்சித் தொங்கியது.

"கயிறு இழுத்தா நீளும்" என்றார் டாக்டர்.

கட்டுக் கம்பி கொண்டுவந்து சுற்றினாள். அதுவும் நாலு விரல் மிச்சம்.

"கம்பி வளைஞ்சிருக்கு."

"டயரைச் சுத்தினா வளையாம பின்ன நிமிந்தா நிக்கும்?"

அந்த முன் டயரை வாங்கி வந்தவர் டாக்டர்தான். பழையது வெடித்தபோது, வேறு ஏதோ பெரிய வண்டியில் கழற்றிப்போட்ட டயரைப் பிடித்து வந்து, "அதே ரிம், அதே ஓட்டை, தரையைப் பிடிக்கிற கட்டை ரெண்டு மடங்கு, எவன்கிட்ட இருக்கு இப்படி?" என்று மில் முழுக்கக் காட்டினார். ஒரே சுற்றில் பெரிய சக்கரம் கொஞ்சம் கூடுதல் தூரம் போகப் பார்க்கும், சின்னது கொஞ்சம் குறைவாகப் போகும். இரண்டையும் செயினில் கட்டிப்போட்டால், அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே கிடக்கும். முற்றம் சேறும் தூளுமாக இருந்த வரை சக்கரம் வழுக்கி எப்படியோ சமாளித்தது. சிமெண்ட் தளத்தில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஏறி ஏறி, கடைசியில் செயின்தான் உயிரை விட்டது.

இது டாக்டர் மண்டையில் இறங்கியதை வெளியே இருந்தே பார்க்க முடிந்தது. முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. கம்பியை வாங்கித் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். திருட்டுத்தனமாக வலப்பக்கத்தையும் சுற்றிப் பார்த்தார். அங்கே இரண்டும் ஒரே அளவு. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்திருப்பாள். பாவம், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவளுக்கு அந்த ஆசை போகவில்லை.

அவர் போனை எடுத்தார்.

"டேய், நாளைக்கு வர வேணாம்டா. வண்டிக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிச்சாச்சு… யாரா? யாரு கண்டுபிடிப்பா? நான்தான்."

அக்கா "தூ" என்று பக்கவாட்டில் துப்பிவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

டாக்டர் போனைப் பையில் போட்டார். அந்தப் பெரிய கட்டை டயரைக் கழற்றி, ஆள் பார்க்காத இடமாகக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டிவிட்டு, பின் டயரின் அளவில் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, கம்பியால் இரண்டு முறை சுற்றிப் பார்த்து மாட்டினார். ஜாக்கியை இறக்கினார். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, சீட்டுக்கு அடியில் இருந்த கொக்கியை இழுத்து, சீட்டை முன்னால் தள்ளினார். அது முழுக்கப் போய் முட்டி நின்றது. கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரே ஒரு பல் பின்னால் இழுத்து, கொக்கி விழும்வரை அழுத்தி, ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தார்.