வளைவில் நின்றவருக்கு நான் சொன்ன பதில்

இது நான் இட்டுக்கட்டிய கதை இல்லை. இட்டுக்கட்டியிருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன்.

போன ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நான், மனைவி கஜனி, ஐந்து வயது மகள் அக்‌ஷரா மூவரும் காரில் சுவிஸ் மலைகளைச் சுற்றினோம். முதல் நான்கு நாளும் நல்ல வெயில். கீழே புல்வெளி முழுக்க மஞ்சள் பூ, மேலே பனி. கடைசி நாள் பாரிஸுக்குத் திரும்ப ஒரு மலைப்பாதையில் ஏறினோம். பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது.

மாலை 4.40. ஒரு வளைவில் ஒருவர் கை காட்டினார். மெல்லிய சட்டைதான் போட்டிருந்தார். காரை நிறுத்திக் கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினேன்.

“அண்ணை, பாரிஸுக்கோ போறியள்? என்னையும் ஏத்துங்கோ. சரியாக் குளிருது.”

எங்கள் ஊர்த் தமிழ். விசா இல்லாத ஆளாக இருக்கும், எல்லையில் மறித்தால் எனக்குத்தான் வில்லங்கம் என்று நினைத்தேன். தமிழ் விளங்காதவன்போல, இடமில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். பேசும்போது என் வாயிலிருந்து ஆவி வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை...

பின்னால் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. கஜனி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4.46. அடுத்த வளைவு. அதே ஆள். எங்களை எந்தக் காரும் முந்தவில்லை. இந்தமுறை கை காட்டவில்லை. சும்மா பார்த்தார்.

நான் நிறுத்தவில்லை.

4.51. டிங்... டிங்... டிங்...

பின்னால் யாரோ பெல்ட் போடவில்லை என்று கார் எச்சரித்தது. அக்‌ஷரா போட்டிருந்தாள். விளக்கு எரிந்தது அவளுக்குப் பக்கத்து இருக்கைக்கு.

அங்கே யாரும் இல்லை.

அவள் கதவோடு ஒதுங்கி இருந்தாள். ஏன் என்று கஜனி கேட்டாள்.

“அவருக்குக் குளிருதாம்.”

டிங்...

எல்லை கடந்ததும் சத்தம் நின்றது. 6.05.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் கடை இராஜேந்திரன் அண்ணையுடையது. மறுநாள் அவரிடம் சொன்னேன். காரை நிறுத்தியதையும் பிரெஞ்சில் பேசியதையும் மட்டும் மறைத்தேன். வெட்கம்.

எந்தப் பாதை என்று கேட்டார். சொன்னேன். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மச்சான் சேந்தன் ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பாதையால் எல்லையை நடந்து கடந்து பாரிஸுக்கு வர வெளிக்கிட்டவன். அங்கேயே குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தானாம்.

“கடைசியா எனக்குத்தான் போன் எடுத்தவன். எங்கடை ஆள் ஒருத்தன் காரை நிப்பாட்டினவனாம். பிரெஞ்சிலை ஏதோ சொல்லிப்போட்டுப் போட்டானாம். பின்னாலை ஒரு சின்னப் பெட்டையும் இருந்ததாம்... அந்தக் கார்க்காரனை ஒருக்கா நேரிலை காணவேணும்.”

நான் அவர் முன்னால்தான் நின்றேன்.

ஆறு வருடத்துக்கு முன் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அக்‌ஷரா பிறக்கவும் இல்லை.