கோட்டை வாசலில் ஒதுங்கியவன்

இந்த நாட்டுச் சந்தையில் என்மேல் இடித்துவிடுகிறவன் என்னிடமே ‘சாரி’ என்கிறான். ஸ்காட்லாந்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. எங்கள் ஊரான கோவில்பதாகையில் வரப்பின்மேல் எதிரே ஊர்த்தெரு ஆள் வந்தால், சேரிக்காரர்கள் நாங்கள்தான் சேற்றில் இறங்கி நிற்போம். பூந்தமல்லிப் பட்டாளத்துத் துரை ஒருவருக்குச் சமையல்காரனாக நானும், அவர் பிள்ளைகளுக்கு ஆயாவாக என் மனைவி முனியம்மாளும் கப்பலேறினோம். மூன்று வயது மகள் செல்லியை என் அண்ணனிடம் விட்டு வந்தோம். இரண்டே வருஷம் என்பது பேச்சு.

தவணை முடிய ஒரு மாதம் இருந்தபோது, துரைசானி பிள்ளைகளோடு எங்களையும் ஒரு கோட்டைக்கு அழைத்துப்போனார். பல நூறு வருஷங்களுக்கு முன் ராஜாக்கள் பாறைமேல் கட்டியது. வாசற்காவலன் கையை உயர்த்தி, ‘மைண்ட் தி ஸ்டெப்’ என்றான். விரட்டுகிறான் என்றெண்ணி, முனியம்மாளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். படி வழுக்கும், பார்த்து வாருங்கள் என்றானாம். துரைசானி விளக்கிவிட்டுச் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள்.

முனியம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே ராணிமார் உலாவிய தோட்டம். ஒட்டக் கத்தரித்த செடிவேலிகளுக்கு நடுவே ரோஜாக்கள். பிள்ளைகள் ஓடி விளையாட, மழை ஈரம் காயாத கல்பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்குயா என்ன இஸ்தே? அந்தாளா தள்ளிப் போன்னான்? நீதான் தள்ளினே.”

“பயக்கம், முனிமா.”

“அந்தப் பயக்கம் செல்லிக்கு வாணாம். நான் ஊருக்கு வர்ல. நீ போயி கொயந்தய இட்டுகினு வா.”

இங்கேயும் எங்கள் நிறத்தைக் கண்டு கதவைச் சாத்திய கடைக்காரர்கள் உண்டே என்றேன்.

“நான் வேற கடைக்குப் போவேன். அங்க வேற தெரு கீதா?”

துரையிடம் கெஞ்சி வேலையை நீட்டித்துக்கொண்டோம். குழந்தையை அழைத்துவர நான் கப்பலுக்குச் சீட்டு வாங்கிய வாரம் யுத்தம் மூண்டது. எங்களைப் போன்றவர்களுக்கு இனி இடமில்லை என்று கப்பல் கம்பெனியில் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையை விட்டவர்கள் என்று ஊரில் இதைப் படிப்பவர்கள் எங்களை ஏசலாம். நாங்களே ஏசிக்கொள்ளாத நாளில்லை.

போன வாரம் செல்லியின் முதல் கடிதம் வந்தது. பள்ளியில் படிக்கிறாளாம், அவளே எழுதியிருந்தாள். முனியம்மாளுக்கு உரக்கப் படித்தேன். ‘நைனாவுக்குக் காய்ச்சல் தேவலை’ என்று தொடங்கியது. அவள் அப்பன் நான்தானே, எனக்கேது காய்ச்சல் என்று விழித்தேன்.

“அது ஒங்கண்ணாத்தே,” என்றாள் முனியம்மாள், மெதுவாக.

நாங்கள் கடைசி வரியில் இருந்தோம்: ‘சீமை நைனாவுக்கும் சீமை அம்மாவுக்கும் நமஸ்காரம்.’ அந்த ஒரு வரியை மட்டும் அவள் என்னை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள்.