ஞாயிற்றுக்கிழமை பிளக்

இன்று காலை என் பழைய காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வீட்டுக்கு வந்த மெக்கானிக், ஒரு ஒயரைப் பிடுங்கி, அந்த பிளக்கை மாற்றி, அதே ஒயரை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். அவ்வளவுதான் வேலை. கரியும் பெட்ரோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்பா மேல் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

பென்னலூரில் இப்போது கம்பெனி மதில் நிற்கிற இடத்தில்தான் எங்கள் வாசல். ஞாயிறு தவறாமல், மாதா கோயிலில் பூசைக்கு மணி அடிக்கிற நேரம் பார்த்து, அப்பா தன் காரின் நான்கு பிளக்கையும் ஒரேயடியாகக் கழற்றிச் சாக்கில் பரப்பி, உப்புத்தாளால் கரகரவென்று தேய்ப்பார். தேய்த்து முடிப்பதற்குள் எந்த ஒயர் எதற்கு என்பது மறந்திருக்கும், மாற்றி மாட்டுவார், வண்டி இருமும், உதறும், பின்னால் டமாரென்று வெடிக்கும், புங்க மரத்துக் காக்காய்கள் மொத்தமும் பறக்கும்.

"ஒண்ணொண்ணா கழட்டித் தொலைங்களேன்!" என்பாள் அம்மா, பட்டுப்புடவையில் நின்றபடி.

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா கெட."

அப்புறம் அப்பாவை வண்டியோடு விட்டுவிட்டு நானும் அம்மாவும் புழுதியில் நடப்போம். முதுகுக்குப் பின்னால் வெடிச்சத்தம் கோயில்வரைக்கும் கூடவே வரும். அம்மா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றில்தான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மறுநாள் அவருடைய அடக்கப் பூசைக்கும் நடந்தேதான் போனோம். வாசலில் வண்டி நான்கு ஒயரும் தொங்க நின்றது.

அன்றைக்கு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணயாச்சும் மாட்டிட்டுப் போனாரா பாரு" என்றாள்.