கடல் தொட்டியை விட்டுவிட்டவர்கள்

மளிகைக் கடைக்காரரிடம் யாரும் "இனிமேல் பருப்பே வாங்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போவதில்லை. கலர் மீன் விற்கிற எங்களிடம் பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள். ஆசை ஆசையாக வாங்கிப் போன மீன் ஒரு காலையில் செத்து மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்களும் அப்படிப்பட்ட ஒருவரா? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் என் கடை. ஆரம்பித்தது தொண்ணூறுகளில். கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எல்லாம் வயிற்றுப் பிழைப்புக்கு. மூலையில் இருந்த கடல் தொட்டி மட்டும் என் மனசுக்கு. அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கிளவுன் மீன், அவை ஒளிந்து விளையாட, பூ மாதிரி விரிகிற கடல் தாமரை என்கிற ஒரு ஜீவன், நாலைந்து கடல் பாறை. மலையடிவாரத்தில் கடலை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மாதா மாதம் பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு மட்டும் என்றால் வரவழைத்துக் கட்டுப்படியாகாது. நல்லவேளையாக இன்னும் மூன்று வீட்டில் கடல் தொட்டி இருந்தது. அவர்களில் யார் முகம் வாடினாலும் என்ன ஏது என்று ஓடிப்போய் விசாரிப்பேன். அவர்கள் விட்டால் என் தொட்டியும் போய்விடும்.

கேனில் என்ன?

தண்ணீர் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். பாண்டிச்சேரி போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். அங்கே ஒரு மீனவர், படகில் அலை தாண்டிப் போய் மொண்ட தண்ணீரைக் கேன்களில் நிரப்பி பஸ் ஸ்டாண்டில் கொடுப்பார். கரையோரத் தண்ணீர் ஆகாது, அதில் மணலும் ஊர் அழுக்கும் கலந்திருக்கும்.

கேன்கள் கடைசி சீட்டுக்கு அடியில் வரும். ஒரு தடவை திண்டிவனத்தில் ஏறிய பெரியவர் ஒருவர், காலை நீட்ட இடமில்லாமல், "இன்னாய்யா இது, சரக்கா?" என்று கேட்டிருக்கிறார். பாண்டிச்சேரி பஸ்ஸில் கேன் வந்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். கடல் தண்ணி என்று சொன்னால் அவர் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்தே காட்டிவிட்டார். பெரியவர் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாராம்: "இவ்ளோ கஷ்டப்பட்டு இதைத் தூக்கினு வர்றதுக்கு, அதையே தூக்கினு வந்திருக்கலாம்."

உப்புக்கு மேல் உப்பு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர் லோகநாதன் சார். அதிர்ந்து பேச மாட்டார். ஆபீஸ் கிளம்புவதற்கு முன் தொட்டி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் நீல மீன்களிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார் என்று அவர் வீட்டம்மாவே என்னிடம் குறைபட்டுக்கொண்டிருக்கிறார். மீன்மேல் அப்படி ஒரு பிரியம். அந்தப் பிரியம்தான் வினையானது.

தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சாருக்கு அது மனசே ஒப்பவில்லை. கடல் மீனுக்குக் கடல்தான் என்று, குறையக் குறையக் கடல் தண்ணீரையே ஊற்றினார். நான் சொல்லாமல் இல்லை. "ஏம்மா, கடல்ல போய் யாராவது நல்ல தண்ணி ஊத்துவாங்களா?" என்று மடக்கிவிட்டார். மழை ஊற்றுகிறதே என்ற பதில், அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் கோடையில் நீல மீன்கள் ஒன்றுவிடாமல் போய்விட்டன. தண்ணீரை அளந்து பார்த்தால் உப்பு எங்கேயோ ஏறிக் கிடந்தது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் கடைக்காரியைத்தான் திட்டுவார்கள். சார் திட்டவில்லை. காலித் தொட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கண்ணாடியை ஒரு தடவை கைக்குட்டையால் துடைத்தார். "யாருக்காவது குடுத்துடும்மா. நல்லா பாத்துக்கணும்னு நெனச்சேன், அதுவே ஜாஸ்தியாயிடுச்சி" என்றார்.

கல்யாண வீட்டுச் சுத்தம்

அடுத்து விட்டவர் ஜவுளிக்கடை ரஹீம் பாய். அவர் தொட்டிப் பாறைகளில் ஊதா நிறத்தில் ஒரு பாசிப் படலம் பிடித்திருக்கும். கடல் தொட்டிக்காரர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதே அந்தப் பாறையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள்தான். பாய் இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி அதை வளர்த்தார்.

மகள் கல்யாணம் வந்தது. வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். முன்னாடியே வந்து இறங்கிய சொந்தக்காரப் பெண்கள், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ஹாலில் இப்படியா அழுக்குப் பிடித்த கல் இருப்பது என்று, மீன்களைப் பத்திரமாக பக்கெட்டில் விட்டுவிட்டு, பாறைகளை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்துவிட்டார்கள். பாய் வீடு திரும்பிப் பார்த்தபோது தொட்டி கண்ணைப் பறித்திருக்கிறது. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுவீடு முடிவதற்குள் மீன்கள் முடிந்தன.

நான் துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை அந்த மனுஷன். "யாரைத் திட்றது தங்கச்சி? எல்லாரும் பாசமாத்தான் தேச்சாங்க."

டிராக்டர் டியூப்

மிச்சம் இருந்தது கீழ்பென்னாத்தூர் செல்வி. புருஷன் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. பாண்டிச்சேரி பஸ் அவர்கள் ஊர் வழியாகத்தான் வரும். ரோட்டோரம் நின்று தன் கேனைக் கைநீட்டி வாங்கிக்கொள்வாள்.

கரண்ட் போனால் தொட்டியில் காற்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கச் சகிக்காது. அவள் ஊரிலோ கரண்ட் போவதுதான் வழக்கம், வருவதுதான் செய்தி. செல்வி என்ன செய்தாள் தெரியுமா? டிராக்டர் சக்கரத்துக்கு வாங்கி வைத்திருந்த மாற்று டியூபில் காற்றை அடைத்து, வால்வில் மெல்லிய குழாயை மாட்டி, ஒரு கிளிப்பால் இறுக்கித் தொட்டிக்குள் விட்டாள். காற்று முத்து முத்தாகப் பல மணி நேரம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு இந்த யோசனை ஏழு ஜென்மத்துக்கும் வந்திருக்காது. போய்ப் பார்த்து அசந்து நின்றேன். டிராக்டர் பங்க்சர் ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். செல்வி சிரிக்காமல் சொன்னாள்: "டிராக்டர் நிக்கலாங்க்கா, அதுக்கு மூச்சு முட்டாதில்ல."

சும்மா பார்க்க வருகிறவர்கள்

விட்டவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்பார்கள். ஆனால் தொட்டிக்குள் மீனை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள். லோகநாதன் சார் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். பாய், தொழுகை முடித்துப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். இருவரும் சாமான் ஒன்றும் வாங்க மாட்டார்கள்.

ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவரும் இப்படி வர ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் இங்கே இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். கடல் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டால் எழுந்திருக்க மாட்டார். ஊரில் மீன் வளர்த்தீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். ஆமாம், பெரிய கடல் தொட்டி என்றார். பிறகு கிளவுன் மீனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வீடு, வேலை, கார் எல்லாம் விட்டேன். கஷ்டம் இல்லை. இதுதான் போக மாட்டேங்குது."

நான் விட்ட நாள்

ஒரு நாள் பஸ்ஸில் கேன் மூடி கழன்று, யாரோ கல்யாணத்துக்கு எடுத்துப்போன பட்டுப்புடவைப் பையெல்லாம் உப்புத் தண்ணீர். பெரிய ரகளை. இனி என் பஸ்ஸில் கடல் ஏறக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. செல்வி ஒருத்திக்காகவும் எனக்காகவும் தனி வண்டி வைக்க வழியில்லை. இருந்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்தேன். என் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் பழசாகி, கடல் தாமரை சுருங்க ஆரம்பித்தது. கண்ணெதிரில் சாக விடுவதைவிட, வாங்கிய சென்னைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். அனுப்ப வேண்டிய நாளும் வந்தது.

கிளவுன் ஜோடியைக் கவரில் பிடித்து ஆக்ஸிஜன் அடைத்துக்கொண்டிருந்தபோது லோகநாதன் சார் வந்தார். யாருக்கு என்று கேட்டார். "யாருக்கும் இல்ல சார். நானும் விட்டுட்டேன்" என்றேன். அதிர்ந்து பேசாத மனுஷன், அன்றைக்குத்தான் அவர் கத்திப் பார்த்தேன். "பிரிம்மா அந்தக் கவரை" என்றார். போனவர் ரஹீம் பாயோடு திரும்பி வந்தார். பாய் கடையில் தைத்த ஸ்கூல் யூனிஃபார்ம்களை ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஒரு வேன் போகுமாம், திரும்பி வரும்போது காலியாகத்தான் வருமாம். "இதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா தங்கச்சி?" என்று பாய் கோபித்துக்கொண்டார். கவரைப் பிரித்து மீனை மறுபடி தொட்டியில் விட்டேன். உங்கள் வீட்டில் மீனே இல்லையே சார், உங்களுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். சார் வழக்கமான குரலுக்குத் திரும்பியிருந்தார். "நீ வச்சிருக்கேன்ற தைரியத்துலதாம்மா நாங்கல்லாம் விட்டோம். நீயும் விட்டுட்டா, நாங்க நெஜமாவே விட்ட மாதிரி ஆயிடும்."

அந்த வேன் முதல் தடவை வந்தபோது சாரும் பாயும் மறுபடி தொட்டி வைக்க ஆளுக்கு ஒரு கேன் எடுத்துப் போனதை வைத்துச் சொல்கிறேன்: மீன் வளர்ப்பதை விட்டவர் என்று உலகத்தில் யாரும் கிடையாது, வீட்டில் இன்னும் சம்மதம் வாங்காதவர்கள்தான் உண்டு.