ஏழாம் தளத்தில் வைக்காத கதவு

அந்த அறையைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அலுவலகத்து நண்பர் ஒகுதா. அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். ‘ஆழ்கிணறு’ என்ற பழைய வீடியோ கேமில், ஏழாம் தளத்தில் ஓர் அறை. உள்ளே குதித்தால் வெளியே வர வழி கிடையாது. வடிவமைத்தவர், மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் அப்படிச் செய்துவிட்டாராம்.

வடிவமைத்த குவாபரா, அமகாசாகியில் என் குடியிருப்புக்குக் கீழே காசு போட்டுத் துவைக்கும் சலவைக் கடை வைத்திருக்கிறார். பறிபோன மகள் சிகாகே நகோயாவில் வங்கி வேலையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுகிறாள்.

“துக்கமெல்லாம் இல்லீங்க. கதவு வைக்க மறந்துட்டேன்,” என்றார் நான் கேட்டபோது.

நல்ல ஆட்டம் அது. எங்கே போக வேண்டும் என்று சொல்லவே சொல்லாது. எட்டாத ஒரு விளிம்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எங்கோ ஆழத்தில் கொக்கிக் கயிறு கிடைத்ததும் அந்த விளிம்பு தானாக நினைவுக்கு வரும். திரும்ப ஓடிவரும் அந்தச் சந்தோஷத்தை வேறெந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. குறைகளும் உண்டு. வரைபடம் இல்லை. எல்லாத் தாழ்வாரமும் ஒரே நீலம். குதித்தபின் திசை மாற்ற முடியாது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையில், செத்தாவது வெளியே வர ஓர் எதிரிகூட இல்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எங்கே நுழைந்தாலும் வெளிவாசலைப் பார்த்து வைத்துக்கொள்ளும் எனக்கு அது கொஞ்சமும் ஒத்துவராது.

குவாபரா பிழையைக் கண்டது, ஆட்டத்தை முடித்துக்கொடுக்க வேண்டிய கடைசி நாளில். அதற்குள் குழுவில் எல்லோரும் வட்டமாக நின்றுவிட்டார்கள். குழுவின் தலைவர் சீஃப் நிஷிகோரி குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கைதட்டல். அதோடு வேலை முடிந்ததாகிவிடும். தட்டிய பிறகு “ஒரு கதவு விட்டுப்போச்சு” என்று சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. குவாபராவும் தட்டினார்.

பிறகு பத்திரிகைக்காரர்கள் அந்த அறையைப் பற்றிக் கேட்டபோது, மனிதனின் தனிமையைக் காட்டவே அப்படி வைத்தோம் என்று சீஃப் சொல்லிவிட்டார். ரசிகர்களும் உருகிப்போனார்கள்.

இப்போது வேறொரு நிறுவனம் ஆட்டத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறது. அறைக்குக் கதவு வைக்கலாமா என்று குவாபராவைக் கேட்டிருக்கிறார்கள். இன்று மாலை ஐந்துக்குள் பதில் வேண்டுமாம்.

“ஏங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு? வைங்கன்னு சொல்லிட்டுப் போங்க,” என்றார் அவர் மனைவி மிட்சுயே, துண்டு மடித்தபடி.

“சீஃப் இத்தனை வருஷமா அதைத் தத்துவம்னு சொல்லிட்டிருக்காரு.”

“பெரிய தத்துவம்! எங்கப்பா பண்ண கேமுன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்ட புள்ள, அந்த ரூம்ல மாட்டிக்கிட்டு ராத்திரி சோறு திங்கல. அன்னியோட அதைத் தொடல.”

“போன ஞாயித்துக்கிழமை கேட்டா. புதுசா வருதாமே, விளையாடிப் பாக்கட்டுமா அப்பான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அங்க மழையான்னு கேட்டேன்.”

மிட்சுயே துண்டைக் கீழே வைத்தார். உலர்த்தும் இயந்திரத்தில் என் சட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

“சரி, கதவு வைக்கச் சொல்லிடறேன்,” என்றார் குவாபரா. “ஆனா முதல்ல சீஃப்கிட்ட சொல்லணும். அவருக்குத் தெரியாம கம்பெனிக்குச் சொன்னா மரியாதையா இருக்காது.”

“அவர் வேணாம்னுட்டா?”

“வேணாம்னு சொல்ல மாட்டாரு. ‘கொஞ்சம் கஷ்டமாச்சே’ம்பாரு. அதுக்கு வேணாம்னுதான் அர்த்தம்.”

“அப்ப?”

“புரியாத மாதிரி இருந்துக்கணும். இதுவரைக்கும் இருந்ததில்ல.”

கடை வேலைக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றினார். தலையை வாரிக்கொண்டார். போனில் சீஃபின் எண்ணை அழுத்திவிட்டு, மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதுமே இடுப்பை வளைத்து வணங்கி நின்றார். என் சட்டைகள் காய்ந்துவிட்டிருந்தன. இயந்திரத்தின் கதவைத் திறந்தால் சத்தம் கேட்குமே என்று நான் எடுக்கவில்லை.

“எடுக்கலையா?” என்றார் மிட்சுயே.

“தோட்டத்துல இருப்பாரு,” என்றார் குவாபரா, நிமிராமல்.

“மணி அஞ்சாகப் போகுதுங்க.”

“தெரியுது.”

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.